இலைக்காக விதைத்த காராமணி

ஜனவரி 12

அன்புத் தம்பி ஊசிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் என் முட்டியும் சுகம். முட்டி மட்டும் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதட்டினால் வந்துவிடும். அங்கே நீ, உன் பொண்டாட்டி, பிள்ளை பெற்ற மகள், புதுசாய் வந்த குட்டி எல்லோரும் எப்படி? நீ இன்னும் மெலிந்துகொண்டே போகிறாயா? ஒரு நாள் உன்னையே நூல் கோத்துத் தைத்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

பேத்தியைப் பார்க்க வரவில்லை என்று கோபித்து எழுதியிருந்தாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? காராமணி காய்ப்பில் இருக்கிறது, தம்பி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் நார் ஓடிவிடும், அப்புறம் அதை வைத்துக் கயிறுதான் திரிக்கலாம். அதோடு போகுமா? காய் முற்றினால் செடி, "அப்பாடா, பிள்ளை பெத்தாச்சு" என்று பூ விடுவதையே நிறுத்திக்கொள்ளும். அடுத்த பாத்தியில் மொட்டு வந்துவிட்டது. அதற்கடுத்ததில் முளை வந்துவிட்டது. யாரை விட்டுவிட்டு வருவேன், சொல்.

இந்தத் தடவை ஊதாக்காய் ரகம் போட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது.

என் கொழுந்தனார் வழக்கம்போல உழவு வண்டியை வரப்போரம் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் துடைக்கிற துடைப்பில் வண்டி தேய்ந்து, ஒரு நாள் சாவி மட்டும் மிஞ்சப்போகிறது. ஓரகத்தி நல்லபடி. அவள் குரலும் நல்லபடி, உங்கள் ஊர்வரைக்கும் கேட்டிருக்குமே.

குட்டிக்கு என் முத்தம். அழாமல் இருந்தால் ஒன்று, அழுதால் இரண்டு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். குட்டி இரவும் பகலும் அழுவதால் உன் முத்தங்களை எண்ண முடியவில்லை. தையல் கடையில் வேலை அதிகம். பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்திருக்கின்றன.

இரண்டு விஷயம் கேட்கிறேன், கேலி பண்ணாமல் பதில் எழுது.

ஒன்று, உன் கடிதத்தில் வரி மேல் வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி காகிதத்தை விட்டே இறங்கிப் போய்விட்டது. நீ எழுத்து அதிகம் படிக்காதவள்தான், ஆனால் உன் வரி நேராக இருக்கும். கோடு போட்ட மாதிரி பாத்தி கட்டுகிறவள் நீ.

இரண்டு, ஊதாக்காய் எதற்கு? காய் கம்மி, வெந்தால் நிறம் போய்விடும், சந்தையில் எவனும் சீந்த மாட்டான் என்று என்னிடம் சொன்னது நீதான். பச்சை நீளக்காய் போட்டு ஊரில் பெயர் எடுத்தவள் திடீரென்று ஏன் மாறினாய்?

என் வீட்டுக்காரி உன்னை மிகவும் விசாரித்தாள். வீட்டில் ஒரு கட்டில் உனக்காகக் காலியாக இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

சுகம் விசாரித்ததற்குச் சந்தோஷம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், முக்கியமாய் நீ. உன்னிடம் நோய் வந்தால் உட்கார இடம் இல்லாமல் திரும்பிப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

வரி ஏறி உட்கார்ந்தால் என்ன? குளிராக இருந்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீ அளவு நாடாவை என் கடிதத்தின் மேல் வைக்காதே. துணிக்கு வை.

ஊதாக்காய் எனக்குப் பிடித்தது, போட்டேன். உன் அக்காளுக்கு ஆசை வரக்கூடாதா? குத்துச்செடி, இலைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு காய்க்கிறது. குனிந்து தேட வேண்டாம். காய் கம்மிதான். இருக்கட்டும். எல்லாக் காயையும் நானே வாரிக்கொண்டால் மற்றவர்கள் பிழைக்க வேண்டாமா?

ஒரு சிரிப்புக் கதை கேள். போன வாரம் கொழுந்தனார் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் போய், "என்ன, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க? நான் உங்க சொத்தையா தின்னுட்டேன்?" என்று நன்றாகக் கேட்டேன். ஆள் அசையவே இல்லை. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. கிட்டப் போய்க் கையை நீட்டிப் பேசினால், காயப்போட்ட சாக்கு! ஓரகத்தி பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சாக்குதான் பேசுவதற்கு வசதி, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாது.

இரண்டாம் பாத்தி பறிப்புக்கு வந்துவிட்டது. நான் போக வேண்டும்.

உன் அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பச்சைத் துணியில் பச்சை நூலால் தைக்கிறவன் நான். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் தையல் எங்கே, துணி எங்கே என்று தெரியாது. அப்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? விரலால் தடவிப் பார்ப்பேன். இல்லையென்றால் வேறு நிற நூலை மாற்றுவேன்.

நீ நூலை மாற்றியிருக்கிறாய், அக்கா. இலையும் பச்சை, காயும் பச்சை. உனக்குக் காய் தெரியவில்லை. அதனால்தான் ஊதா போட்டிருக்கிறாய். சாக்கைப் பார்த்துச் சண்டை போட்டதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே கண்ணாஸ்பத்திரி நம் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே வேலை செய்யும் நர்சம்மாவுக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். காயாவது பூவாவது, உடனே பஸ் ஏறு. இல்லாவிட்டால் நான் வந்து பறிக்கிறேன்.

உன் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. எப்படியும் பொய் சொல்வாய்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

கடிதம் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். கேலியாக எழுத ஒன்றும் வரவில்லை, எழுந்துவிட்டேன். குட்டி குப்புற விழுந்துவிட்டாளா? உன் பொண்டாட்டியின் இடுப்புவலி குறைந்ததா?

நீ வந்து பறிப்பதாக எழுதியதைப் படித்துச் செடிகள் நடுங்கின. முன்னே ஒரு தடவை நீ வந்து உதவியது அவற்றுக்கு மறக்கவில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதிப் பாத்தியை மிதித்துக் களம் ஆக்கிவிட்டுப் போனாய்.

சரி, சொல்கிறேன். இடது கண்ணில் புகை மட்டும்தான். வலது கண்ணில் நடுவே மூட்டம், ஓரத்தில் உலகம். காயை விரலால் தடவித்தான் பறிக்கிறேன். பருமன் கைக்குத் தெரிந்துவிடும். நல்ல வெயிலில் ஊதா தெரியும். போதுமா?

ஏன் வரவில்லை என்பதையும் சொல்கிறேன். உனக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரர் போனபோது நீ வந்து அழுதுவிட்டுப் போய்விட்டாய். அதற்கப்புறம் மாமனார் சாகக் கிடந்தபோது என்னையும் கொழுந்தனாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நிலத்தப் பிரிக்காதீங்க. ஒருத்தர் பயிர் நிக்கிற எடத்துல இன்னொருத்தர் கால் வெக்கக்கூடாது. காலியா கெடந்தா, யாருக்கு முடியுதோ உழுது போட்டுக்கட்டும்." எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் மீறியது இல்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டில் ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் கொழுந்தனாரின் கொட்டகைச் சுவர். என்னுடையது என்று சொல்ல அந்தப் பயிர்தான். அது நிற்கிறவரைக்கும் நான் இந்த வீட்டில் ஒரு ஆள். ஒரு பருவம் காலியாக விட்டால், அப்புறம் நான் சோற்றுக்கு இருக்கிறவள். அதனால்தான் ஒரு பாத்தி ஓய்வதற்குள் அடுத்த பாத்தியில் விதை போட்டுவிடுவேன். பனிக்கு ஒரு ரகம், வெயிலுக்கு ஒரு ரகம், மழைக்கு ஒரு ரகம். எங்கள் வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்த நிலம் ஒரு நாளும் வெறுமையாய்க் கிடந்ததில்லை. பாத்தி ஓய்கிற சமயம் பார்த்து அவர் உழவு வண்டியோடு வரப்புக்கு வந்துவிடுவார். பேச மாட்டார். துடைப்பார். நான் மண்வெட்டியோடு உள்ளே இறங்கிவிடுவேன். இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நடக்கும் விளையாட்டு.

இந்த விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டது நான் மட்டும்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன்.

நர்சம்மாவிடம் சொல்லிக் கேட்டேன். நீ எழுதியதைப் பார்த்தால் இடது கண் கைவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார். வலதுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாமாம். செய்த பிறகு குனியக்கூடாது, புழுதி படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. இரண்டு மூன்று மாதம் மண்வெட்டியைத் தொடக்கூடாது. நீயோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும் என்கிறாய்.

கூலிக்கு ஆள் வைக்கலாம் என்று எழுத நினைத்தேன். காய்ப்புக் காலத்தில் எல்லோருக்கும் அவரவர் தோட்டத்தில் வேலை இருக்கும், யாரும் வர மாட்டார்கள் என்பாய். கொழுந்தனாரையே பறிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு நீ என்னைக் கொன்றே போடுவாய்.

இவ்வளவு ரகம் தெரியும், பருவம் தெரியும் என்று பெருமை பேசுகிறாயே. காய்க்காத பயிர் ஏதாவது இருந்தால் அதைப் போட்டுவிட்டு வாயேன்! நிலமும் நிறைந்திருக்கும், பறிக்கவும் வேண்டாம்.

எரிச்சலில் எழுதுகிறேன். மன்னிக்காதே, வா.

தம்பி


மே 17

என் செல்லத் தம்பி ஊசிக்கு,

உன் தலையில் நூல்கண்டுதான் இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உள்ளே மூளையும் இருக்கிறது! நான் சுகமோ சுகம். உன் பொண்டாட்டியிடம் சொல், கட்டிலைத் தட்டிப் போடச் சொல்.

நீ கோபத்தில் எழுதினாயே, காய்க்காத பயிர் என்று. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நம்மிடம் பழைய கொடிக் காராமணி விதை ஒன்று உண்டு. ஆவணியில் போடுகிற விதை. பகல் குறுகக் குறுகத்தான் அதற்குப் பூ விடும் புத்தி வரும். அப்போது போட்டால் கை கொள்ளாத காய். அதையே பகல் நீண்டிருக்கும் இந்தக் கோடையில் போட்டால், கொடி ஓடும், இலை விடும், மறுபடி கொடி ஓடும், மறுபடி இலை விடும். மாசக்கணக்கில் ஒரு பூ காட்டாது. விவரம் தெரியாமல் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்து நான் எத்தனை சிரித்திருக்கிறேன்!

போட்டுவிட்டேன். நிலம் முழுக்க. ஊதாச்செடியைப் பிடுங்கிய ஈரத்திலேயே போட்டேன். பூவும் இல்லை, காயும் இல்லை, பறிப்பும் இல்லை. பயிர் மட்டும் ஜம்மென்று நிற்கும். மாமனார் பயிர் நிற்கணும் என்றுதானே சொன்னார்? காய்க்கணும் என்று சொல்லவில்லையே!

ஒன்றுதான் கஷ்டம். முளைத்து நாலு இலை விட்டதும் ரகம் தெரிந்துபோயிற்று. வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று சிரிக்கிறார்கள். "பயறுக்காரிக்கே பருவம் தப்பிப்போச்சா? எங்களுக்கு இத்தன நாளா புத்தி சொன்னீங்களே அக்கா!" என்று பால்காரர் கேட்கிறார். "ஆமாப்பா, வயசாயிடுச்சு, இலையாவது ஆட்டுக்கு ஆகும்ல?" என்று பல்லைக் காட்டுகிறேன். தம்பி, இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் என் நடையைப் பார்த்துச் சிரிக்கலாம், என் பல்லைப் பார்த்துச் சிரிக்கலாம். என் விதைப்பைப் பார்த்து இதுவரை ஒருத்தர் சிரித்ததில்லை. உள்ளே கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. வந்தார், ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தார், போய்விட்டார்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். பஸ் நிலையத்தில் வந்து நில். உன்னை எனக்கு அடையாளம் தெரியாது, நீயே வந்து கையைப் பிடி.

உன் அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து ஒரு வரி இல்லை. நீ போன பிறகு வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. குட்டி உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரும் இல்லை என்று கண்டதும் ஒரு பாட்டம் அழுதாள். இவள் அவளைத் தேற்றுகிறேன் என்று தானும் அழுதாள்.

சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள். இடது கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்காதே. ஒன்று போயிற்று, ஒன்று இருக்கிறது. பிப்ரவரியில் திரும்பக் காட்ட வேண்டும். அது முக்கியம், இருக்கிற கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மறந்துவிடாதே.

நிலம் நின்றதா?

தம்பி


செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லோரும் சுகம்தானே. உன் பொண்டாட்டி என்னைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டதை இங்கே எல்லோரிடமும் சொல்லி மாளவில்லை. அவளிடம் சொல்லாதே, அப்புறம் நாத்தனார் மேல் பயம் போய்விடும்.

நிலம் நின்றது. எப்படி நின்றது என்கிறாய்! பச்சைக் கடல். வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. கொடி மேல் கொடி ஏறி, வேலியைத் தாண்டி, கொட்டகைச் சுவரில் கை வைத்துவிட்டது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கேதான் போனேன். ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. இலையில் நரம்பு இருப்பதையே மறந்திருந்தேன். ஒரு இலையின் அடியில் அசுவினிப் பூச்சி கூட்டமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூட ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், நசுக்க மனசு வரவில்லை. அப்புறம் நசுக்கிவிட்டேன்.

எனக்கு ஆச்சரியம், செடி வாடவே இல்லை. நான் இல்லாத மூன்று மாசமும் மழை இல்லை என்றார்கள். மண் ஈரமாய் இருந்தது. பாத்தியில் களை இல்லை.

பகல் குறுகிவிட்டது. கணுவுக்குக் கணு மொட்டு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் காய் கொட்டப்போகிறது. சிரித்தவர்கள் எல்லாம் கூடை எடுத்துக்கொண்டு வருவார்கள், பார்.

மருந்து போடுகிறேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டு அம்மா என்று நினைத்துவிட்டேன்.

குட்டியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


அக்டோபர் 1

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் இவள்தான் கேட்டாள், "அண்ணி ஏன் அவங்க கொழுந்தனாரப் பத்தி ஒண்ணுமே எழுதல?" என்று.

உண்மைதான். நீ அவரை வம்புக்கு இழுக்காமல் ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. இலையின் நரம்பை எழுதியிருக்கிறாய், அசுவினியை எழுதியிருக்கிறாய். மழை இல்லாத அந்த மூன்று மாதமும் யார் தண்ணீர் விட்டது, யார் களை எடுத்தது என்று எழுதவில்லை.

என்ன நடந்தது? சண்டையா?

ஒரு யோசனை. இந்தக் காய்ப்பு ஓய்ந்ததும் நிலத்தைக் காலியாக விட்டுப் பார். அவர் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துவிடும். பிப்ரவரியில் கண்ணைக் காட்ட வர வேண்டும். அதற்குக் குறுக்கே மறுபடி ஒரு பயிரைக் கொண்டுவந்து நிறுத்தாதே.

தம்பி


டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கும் தம்பி பொண்டாட்டிக்கும்,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. காய்ப்பு மேல் பழி போடலாம், காய் அப்படித்தான் கொட்டியது. ஆனால் காரணம் அது இல்லை.

நான் திரும்பி வந்த அன்று நிலத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் வந்தார். புதுக்கண்ணில் அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். நரைத்து, கன்னம் ஒட்டி, முதுகு வளைந்து. நான் இத்தனை வருஷம் சண்டை போட்டது இந்தக் கிழவரோடா?

"தண்ணி நீங்களா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு விடுவா?"

"இது காய்க்காதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"கோடையில கொடி வெத போட நீங்க என்ன பைத்தியமா, அண்ணி? எங்கயோ கெளம்புறீங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சுது. கண்ணுக்குத்தான் போறீங்கன்னு பெறவுதான் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொன்னா உழுதிருப்பீங்களே!" வாய் முந்திக்கொண்டது.

அவர் கொடியை விலக்கிக்கொண்டு கிட்ட வந்தார். "உழத்தான் ஒவ்வொரு தடவையும் வண்டியோட வந்து நிக்கிறேன். கையால கொத்துறீங்களே, உழுது குடுக்கலாமேன்னு. நீங்க அதுக்குள்ள மம்பட்டிய எடுத்துக்கிட்டு எறங்கிடுவீங்க. எங்கண்ணன் பொண்டாட்டிய நெலத்த விட்டு ஏறுங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

இதுதான் நடந்தது. இதை எப்படிக் கேலியாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்வது நிஜமா, இப்போது சொல்கிற பேச்சா, அதுவும் தெரியவில்லை. நிஜமாக இருந்தால் நான் என் இடது கண்ணை எதற்குக் கொடுத்தேன்? பொய்யாக இருந்தால் நல்லது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பொய்யாக இருந்தால் நான் இருந்த இருப்புக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

நீ சொன்னபடி செய்தேன். கொடி ஓய்ந்ததும் பிடுங்கிப் போட்டேன். விதை போடவில்லை. நிலம் வெறுமையாய்க் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டிச் சத்தம். போய் வரப்பில் உட்கார்ந்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை உழுதார். யாருக்கு உழுகிறார் என்று தெரியவில்லை. முடித்துவிட்டு இறங்கி, வண்டியைத் துடைக்காமல், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பப் போட்டாத்தான் சரியா வரும். தள்ளிப் போட்டீங்கன்னா பூக்கிற நேரம் வெயில் வந்துடும், பூவெல்லாம் கொட்டிடும்" என்றார்.

எனக்கே பருவம் சொல்கிறார், பார்.

"போட்டா பிப்ரவரியில காய்ப்பு. அப்ப நான் கண்ணக் காட்டப் போகணும்" என்றேன்.

"பறிக்க நீங்க இருக்கணுமே, அண்ணி." நல்ல மனசோடுதான் சொன்னார், தம்பி. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு முட்டியது. அவர் கெட்டவராக இருந்தாலும் நான் இங்கேயே இருக்கணும், நல்லவராக இருந்தாலும் இங்கேயே இருக்கணும்.

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "எனக்குக் காம்போட வந்துடும், அண்ணி."

அது உண்மை. ஒரு காம்பில் ஒரு ஜோடி காய் பறித்த பிறகு அதே காம்பின் நுனியில் அடுத்த ஜோடி வரும். காம்பைப் பிய்த்துவிட்டால் அங்கே அவ்வளவுதான். அந்தக் கைக்குப் பாதிக் காய் போய்விடும். பாதிதான் என்றால் அதிர்ஷ்டம்.

"வந்தா வரட்டும், போங்க" என்றேன்.

நேற்று விதைத்துவிட்டேன். பச்சை நீளக்காய், நல்ல விதை, நல்ல பருவம். வருஷத்திலேயே சிறந்த காய்ப்பு இதுதான், அதைத்தான் அவர் பிய்த்துப் போடப்போகிறார். இன்று காலையில்கூட, பஸ்ஸை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் என்ன என்று வாய்வரை வந்தது. ஓரகத்தியைக் கூப்பிட்டு, "பிப்ரவரியில நான் இல்ல, ஊருக்குப் போறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி, இனி மாற்ற முடியாது.

கட்டிலைத் தட்டிப் போடு. பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும்.

உன் அக்கா